ஏழாவது கேள்வி

பெயர், வீட்டிலக்கம், ஆட்கள் எத்தனை,
கக்கூஸ் எத்தனை.
அதுவரைக்கும் தேத்தண்ணி வரும்.
ஏழாவதைக் கேட்டால்
கோப்பையைத் திரும்ப வாங்கிவிடுவதுபோல் பார்ப்பார்கள்.

“உங்க வீட்டுக் கழிவு எங்க போகுது?”
“போகுது.”
“எங்க?”
“போகுது மிஸ். இதுவரைக்கும் நின்னதில்ல.”

கண்டியில் எதுவும் நிற்பதில்லை.
மேலே இருப்பவன் கழுவி ஊற்றினால்
கீழே இருப்பவன் சன்னலைச் சாத்துகிறான்.
அவனுக்குக் கீழே ஓடை.
ஓடைக்குக் கீழே மகாவலி.
மகாவலிக்குக் கீழே
யாரோ ஒருத்தி, குடத்தோடு.

ஹோட்டல் மானேஜர் விமலசூரிய
புதுப் பெயின்ட் அடித்த மூடியைக் காட்டினார்.
“டேங்க் இருக்கு, பாருங்க.”
பார்த்தேன்.
பின்சுவரில், சேம்பிலைகளுக்கு நடுவே
ஆறங்குலக் குழாய் ஒன்றின் வாயில்
வெதுவெதுப்பை விட மனமில்லாமல்
கபரகொய்யா ஒன்று படுத்திருந்தது.
“அத எழுதாதீங்க” என்றார்.
நான் எழுதுவது பேனாவால்.

மே மாதம் இயந்திரம் இறங்கியது.
நாற்பதடி ஆழத்தில், நாளைக்கு மூன்று மீற்றர்,
பாறை வந்தால் அதுவும் இல்லை.
ராத்திரி அலுமாரிக்குள் பீங்கான்கள் பேசுவதாக
ஏழெட்டு முறைப்பாடு.
சுவர் வெடித்துவிட்டதென்று ஒருத்தர் கூட்டிப்போனார்.
அந்த வெடிப்பை மறைத்துத் தொங்கிய கலண்டர்
எட்டு வருசம் பழையது.

ஒருதரம் நானும் இறங்கினேன்.
குழாய் தள்ளும் ஜெபநேசன்
தன் ஹெல்மெட்டைத் துடைத்துத் தந்தான்.
ஈரமண், எண்ணெய், சிமெந்து.
ஊரிலேயே நாறாத இடம் அதுதான்.
“இன்னும் திறக்கல்ல, அதான்” என்று சிரித்தான்.

சரிவைக் கேட்டேன்.
முந்நூறுக்கு ஒன்று.
முந்நூறு அடி நடந்தால் ஓரடி பதியும்.
“கூடச் சரிஞ்சா தண்ணி மட்டும் ஓடிரும், அக்கா.
மத்தது அங்கேயே நின்னுரும்.
ரெண்டும் ஒண்ணாப் போகணும்னா
மெதுவாத்தான் போகணும்.”

அன்றைக்கு வீட்டுக்கு இறங்கும்போது
படிகளை எண்ணினேன்.
நூற்றிப் பன்னிரண்டு. செங்குத்து.

கடைசிப் படிவம் என்னுடையது.
நகரசபை லயம்.
இந்த ஊரின் வாளிகளைச் சுமந்தவர்களுக்குக்
கட்டிக்கொடுத்தது.
இருபத்திரண்டு வீடு. கக்கூஸ் நான்கு.
எனக்கு நானே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு
ஏழாவதுக்கு வந்தேன்.
போகுது, என்றது வாய்.
கை கொஞ்சநேரம் கழித்து எழுதியது:
ஓடைக்கு.

எஞ்சினியர் வரைபடத்தில் விரல் வைத்தார்.
“உங்க லயம் குழாய்க்குக் கீழ.
ஆறடி.
தண்ணி ஏறாதே, மிஸ்.
ரெண்டாம் கட்டத்தில பம்ப் போடலாம்.”
ரெண்டாம் கட்டம் எப்போது என்று
எந்தப் படிவத்திலும் கேள்வி இல்லை.
நானே அதைக் கோப்பில் சேர்த்து
நூல் கட்டி வைத்தேன்.

ஒக்டோபரில் திறந்தார்கள்.
ரிப்பன் மேலே.
கீழே நடந்ததை யாரும் பார்க்கவில்லை.
ஒரு கிழமைக்குள்
ஓடைக்கரைக் குழாய்கள் ஒவ்வொன்றாய் வாய் உலர்ந்தன.
கபரகொய்யா இடம் மாறிவிட்டது.
சேற்றுக்குள்ளிருந்து கல் தெரிந்தது,
கல்லோடு ஒரு செருப்பு, ஒரு தையல் மெசின் சக்கரம்.
பள்ளிக்கூடப் பையன் ஒருவன் மீன் என்று கத்தினான்.
நான் பார்க்கவில்லை.
இருந்திருக்கலாம்.

பாலத்தில் சனம் நின்றது.
மூக்கைப் பொத்தாமல் நிற்கிறோம் என்பதே
கொஞ்சநேரம் யாருக்கும் தெரியவில்லை.

அந்த அமைதியில்தான் கேட்டது.
வளைவுக்கு அப்பால், லயத்துக்கு நேர் கீழே,
ஒரு குழாய் மட்டும்
டொப், டொப் என்று ஓடையில் விழுந்துகொண்டிருந்தது.
இத்தனை வருசம்
நூறு குழாய்களின் இரைச்சலுக்குள் ஒளிந்திருந்த சத்தம்.

போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்
என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
“அது யாரோடது, மிஸ்?”

“எங்களுது.”

அவர் போனை இறக்கவில்லை.